லிஃப்ட் இல்லாத நாலாவது மாடி

எங்கள் ஊர் ஜெர்மனியில் இருக்கிற எம்டன். என் அண்ணி ஹில்கேயும் ஒரு எம்டன்தான். எதிராளி வாயைத் திறப்பதற்கு முன்பே அவன் சொல்லப்போவது பொய் என்று முடிவு கட்டியிருப்பாள். என் அண்ணன் ரேம்ட் அவளிடம் கல்யாணப் பேச்சை எடுத்தபோதுகூட, "எதுக்குக் கேக்கறே? என்ன விஷயம்?" என்றுதான் திருப்பிக் கேட்டாளாம். அண்ணன் போய்ச் சேர்ந்துவிட்டான். அவளும் நானும் இப்போது ஒரே கட்டடத்தில் இருக்கிறோம். அவள் தரைத்தளத்தில், நான் அவள் தலைக்கு மேலே. நான் நாற்காலியைக் கொஞ்சம் சத்தமாக இழுத்தால் போதும், யார் வந்தார்கள், எதற்கு வந்தார்கள் என்று காலையில் விசாரணை நடக்கும்.

சந்தேகப்படுவதற்கே சம்பளம் வாங்கியவள் அவள். கடைவீதியில் இருந்த பெரிய துணிக்கடையில் திருடர்களைப் பிடிக்கும் வேலை. சாதாரண வாடிக்கையாளர் மாதிரி ஏதாவது ஒரு கோட்டைத் தடவிப் பார்த்தபடி நிற்பாள். "மூஞ்சியப் பாக்காத இம்கே, மூஞ்சி எல்லாருக்கும் நல்லாத்தான் இருக்கும். கையப் பாரு" என்று என்னிடம் சொல்வாள். நாற்பதைத் தாண்டியதும் அவள் கால்கள் விறைக்க ஆரம்பித்தன. அவள் அப்பாவிடமிருந்து வந்த நோய் அது. அந்த மனிதர் காலைத் தரையில் தேய்த்துத் தேய்த்து நடப்பதைப் பார்த்து ஊரே அவரைக் குடிகாரர் என்றது. பாவம், ஒரு சொட்டு குடித்ததில்லை. ஹில்கேக்கு முதலில் கைத்தடி வந்தது, பிறகு சக்கர நாற்காலி. வேறு வேலை தருகிறேன் என்றார் முதலாளி. இவள் முடியாது என்றுவிட்டாள். சக்கர நாற்காலியில் இருப்பவளை எந்தத் திருடனும் ஒரு ஆளாக மதிக்கவில்லை. அவள் கண்ணெதிரிலேயே சட்டைகளைப் பைக்குள் திணித்தார்கள். அந்த வருஷங்களில்தான் அவள் அதிகம் பேரைப் பிடித்தாள்.

தனக்கு நோய் வந்ததற்காக அவள் அழுது நான் பார்த்ததில்லை. ஒரே மகள் தலேயாவுக்கும் வந்துவிடுமோ என்றுதான் பயந்தாள். பாதிக்குப் பாதி என்று டாக்டர் சொல்லியிருந்தார். தலேயா ஓடினாள், ஆடினாள், பள்ளிக்கூட ஹேண்ட்பால் அணியில் எல்லோரையும் முட்டித் தள்ளினாள், படித்து முடித்து ஹாம்பர்க்குக்கு வேலைக்குப் போனாள். ஒவ்வொரு கிறிஸ்துமஸ் விருந்திலும் ஹில்கே எல்லோர் முன்னாலும் சொல்வாள்: "கடவுள் எங்கிட்ட ஒரே ஒரு விஷயத்துலதான் ஏமாத்தாம நடந்துக்கிட்டான். இவளுக்கும் வந்திருந்தா நான் உசுரோடயே இருந்திருக்க மாட்டேன்." தலேயா சிரித்தபடி வாத்துக் கறிக்குக் குழம்பை ஊற்றிக்கொள்வாள்.

அப்புறம் தலேயா வீடு மாற்றினாள். "நாலாவது மாடிம்மா. லிஃப்ட் கிடையாது. நீ வர முடியாது, நாம வெளியில எங்கயாவது பாத்துக்கலாம்" என்று போனில் சொன்னாள். முதல் வருஷம் ஹில்கே அதை அப்படியே நம்பினாள். படி என்ற ஒன்றை மட்டும் அவள் சந்தேகப்படுவதே இல்லை. படி இல்லை என்று சொல்பவர்களைத்தான் நம்ப மாட்டாள். எங்கள் ஆட்களிடம் ஒரு வியாதி உண்டு. உணவகத்துக்குப் போன் செய்து வாசலில் படி இருக்கிறதா என்று கேட்டால், "சேச்சே, ஒண்ணுமே இல்லைங்க" என்பார்கள். போய்ப் பார்த்தால் ஒன்று இருக்கும். கேட்டால், "இதச் சொல்றீங்களா? இது ஒரு படியா?" என்று ஆச்சரியப்படுவார்கள். அதனால் ஹில்கே எங்கே போவதானாலும், வாசலில் ஒரு பீர் பாட்டிலை நிறுத்தி வைத்துப் படம் எடுத்து அனுப்பச் சொல்வாள். பாட்டிலோடு ஒப்பிட்டுப் பார்த்தால் படியின் உயரத்தில் யாரும் ஏமாற்ற முடியாது.

தலேயாவை நாங்கள் ஹாம்பர்க் ரயிலடிக்குப் பக்கத்தில் ஒரு கஃபேயில் சந்திப்போம். வருஷத்துக்கு இரண்டு தடவை. எங்களுக்கு முன்பே வந்து மூலை மேசையில் உட்கார்ந்திருப்பாள். உட்கார்ந்தபடியே அம்மாவைக் கட்டிக்கொள்வாள். நாங்கள் கிளம்பும்போதும் உட்கார்ந்தபடியேதான் கையசைப்பாள். "கதவு வரைக்கும் வந்தா கிரீடம் விழுந்துடுமா? பொண்ணு நாற்காலில பசை போட்டு ஒட்டிக்கிட்டு உக்காந்திருக்கா" என்று ரயிலில் வரும் வழியெல்லாம் புலம்புவாள் ஹில்கே. கிறிஸ்துமஸுக்கு ஊருக்கு வருவதும் நின்றுபோனது. வேலை என்றாள், ஜுரம் என்றாள், பனி என்றாள். ஹில்கே ஒவ்வொன்றையும் மனதில் அடுக்கிக்கொண்டே வந்தாள்.

போன மாதம் ஹில்கேக்கு அறுபது முடிந்தது. ஊரே வந்திருந்தது. தலேயா வரவில்லை. அவளுக்குப் பதிலாக ரோஜாப்பூ போட்ட தேநீர்க் கோப்பைகள் ஒரு பெட்டி நிறைய வந்தன. அழகான கோப்பைகள். ஹில்கே ஒன்றைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தாள்.

"தள்ளி வெக்கிறவங்கதான் பெரிய பரிசா அனுப்புவாங்க" என்றாள்.

"உனக்கு எதைத்தான் பிடிக்கும்? அனுப்பலைன்னாலும் குத்தம், அனுப்பினாலும் குத்தம்."

"இம்கே, அவளுக்கு என்னைப் பாத்தா வெக்கமா இருக்கு. அங்க ஒருத்தன் இருக்கான், பெரிய இடம். தள்ளுவண்டி அம்மாவை அவன் கண்ணுல காட்டக் கூடாதுன்னு பாக்கறா. நான் எத்தனை பேரைப் பிடிச்சவ, எனக்குத் தெரியாதா? நேர்ல போறேன். கீழ நின்னு மணி அடிக்கறேன், இறங்கி வரட்டும். என்னை வேண்டாம்னா என் மூஞ்சியப் பாத்துச் சொல்லட்டும். அதுக்கப்புறம் நான் ஹாம்பர்க் பக்கம் தலைவெச்சுக்கூடப் படுக்க மாட்டேன், செத்தாலும் அவளுக்குச் சொல்லி விடாத."

அவள் குரல் உடைந்தது. அவள் குரல் உடைந்து நான் கேட்டதே இல்லை. சரி, நானும் வருகிறேன் என்றேன். உண்மையைச் சொன்னால் எனக்கும் தலேயா மேல் கோபம்தான்.

ஒரு சனிக்கிழமை கிளம்பினோம். ரயிலில் ஏறச் சறுக்குப் பலகை வேண்டும் என்று முந்தின நாளே நான் சொல்லி வைத்திருந்தேன்; சொல்லி வைத்தேனா என்று ஹில்கே என்னை மறுபடி மறுபடி கேட்டு, கடைசியில் தானே போன் செய்து உறுதிப்படுத்திக்கொண்டாள். ஃபிளாஸ்கில் எங்கள் ஊர்த் தேநீர். ஹாம்பர்க் தண்ணீரில் போட்ட தேநீரை எங்கள் ஊர்க்காரர் எவரும் குடிக்க மாட்டார்கள். அதில் சந்தேகத்துக்கு இடமில்லை, அது நிஜமாகவே வாயில் வைக்க விளங்காது.

ஹாம்பர்க்கில் இறங்கியதும் அவள் தோள்கள் விறைத்துக்கொண்டன. பெரிய ஊர் என்றாலே அவளுக்கு ஆயிரம் திருட்டுக் கை. அவள் நாற்காலியின் பின்னால் தள்ளுவதற்கான கைப்பிடிகளைக்கூட எப்போதோ கழற்றிவிட்டாள். கேட்காமலே தள்ளிக்கொண்டு போகிற புண்ணியவான்கள் தொல்லை தாங்காமல்தான். கைப்பிடி இல்லாவிட்டால் என்ன, நீலக் கோட்டு போட்ட பெரியவர் ஒருவர் முதுகுச் சட்டத்தையே பிடித்துத் தள்ள ஆரம்பித்தார்.

"கைய எடுங்க! யாரு நீங்க? என் பர்ஸ் அங்கதான் இருக்கு."

"உதவலாம்னுதாம்மா..."

"நான் எந்தப் பக்கம் போகணும்னு உங்களுக்குத் தெரியுமா? தெரியாதுல்ல? அப்புறம் எங்க தள்ளிட்டுப் போறீங்க?"

பெரியவர் தொப்பியைச் சரிசெய்துகொண்டு மறைந்தார். பர்ஸ் அவள் மடியில்தான் இருந்தது.

அடுத்து கழிப்பறை. ஊனமுற்றோர் கழிப்பறைகளுக்கு நாடு முழுவதும் ஒரே பூட்டு, ஒரே சாவி. அந்தச் சாவி கடையில் கிடைக்காது. ஊனமுற்றோர் அட்டையைக் காட்டினால்தான் கொடுப்பார்கள். ஹில்கே அதைக் கழுத்தில் மாட்டியிருப்பாள். நாங்கள் போனபோது உள்ளே ஆள் இருந்தது. கதவு திறந்து ஒரு வாலிபன் வெளியே வந்தான். ஓட்டப் பந்தயத்துக்குப் போகிறவன் மாதிரி நல்ல இரண்டு கால்கள்.

ஹில்கே நாற்காலியைக் குறுக்கே நிறுத்தினாள். "சாவி எங்கேர்ந்து வந்துச்சு தம்பி?"

"என்னுதுங்க."

"எல்லாரும் முதல்ல அதத்தான் சொல்லுவாங்க. கார்டைக் காட்டு."

அவன் அவளைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். பிறகு பனியனைத் தூக்கிக் காட்டினான். வயிற்றில் ஒரு பை ஒட்டியிருந்தது. குடலை வெட்டி எடுத்தவர்களுக்கு வைப்பார்களே, அந்தப் பை. "போதுங்களா, இல்ல கழட்டிக் காட்டணுமா?" என்று கேட்டுவிட்டுப் போனான்.

எனக்குப் பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போல் இருந்தது. "இப்ப சந்தோஷமா உனக்கு?" என்றேன்.

"ஒட்டி வெச்சதா இருக்கலாம்" என்றாள். ஆனால் காது இரண்டும் சிவந்திருந்தன.

பேருந்து ஓட்டுநர் இறங்கி வந்து நடுக்கதவின் பலகையை மடக்கி இறக்கினார். இடம் விட வேண்டிய குழந்தை வண்டிக்காரி மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டாள். ஹில்கே ஒவ்வொரு நிறுத்தத்தின் பெயரையும் தன் போனோடு ஒப்பிட்டுக்கொண்டே வந்தாள். ஓட்டுநர் வேண்டுமென்றே சுற்று வழியில் போகிறாராம். எல்லாப் பேருந்தும் அந்த வழியில்தான் போகும் என்று சொல்லிப் பார்த்தேன். "உனக்கு எப்படித் தெரியும்?" என்றாள். எனக்குத் தெரியாதுதான்.

தலேயாவின் தெரு சாதாரணத் தெரு. செங்கல் வீடுகள், வாசலுக்கு வாசல் சைக்கிள்கள். எண்ணைத் தேடிப் போய் நின்றோம். ஹில்கே அண்ணாந்து நாலாவது மாடி ஜன்னல்களைப் பார்த்தாள். "எந்த ஜன்னல்னு தெரியல. பாத்தாலும் திரையை இழுத்துக்குவா" என்றாள். நான் மணிப்பலகையிடம் போனேன். வீடு எந்த மாடியில் இருக்கிறதோ அந்த வரிசையில்தான் மணியும் இருக்கும். மேல் வரிசையில் தேடினேன், எங்கள் குடும்பப் பெயரான ஹாரிங்காவே இல்லை. அதற்குக் கீழே பார்த்தேன். அதற்கும் கீழே.

"என்னடி முழிக்கறே?"

அவளே சக்கரத்தை உருட்டி வந்து பார்த்தாள். கடைசி வரிசையில், இடது பக்கத்தில், அவள் கண்ணுக்கு நேராக இருந்தது. டி. ஹாரிங்கா. தரைத்தளம்.

அப்புறம்தான் இருவரும் வாசலைப் பார்த்தோம். நடைபாதையிலிருந்து கதவு வரைக்கும் தளம் வழவழவென்று சமமாகப் போனது. கதவின் அடியில் நிலைப்படிகூட இல்லை. வாழ்நாளெல்லாம் ஒரு படி இல்லாத வாசலுக்காகச் சண்டை போட்டவள், அந்த வாசலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"ஒரு படி கூட இல்ல இம்கே" என்றாள் மெதுவாக. "ஒண்ணே ஒண்ணு இருந்திருந்தாக்கூட, எனக்காகப் பொய் சொன்னான்னு நெனச்சிருப்பேன்."

பெற்ற தாயை இப்படியா ஏமாற்றுவாள் ஒருத்தி? திரும்பிப் போய்விடலாம் என்றேன். ஹில்கே எனக்கு முன்னால் கையை நீட்டி மணியை அழுத்தினாள்.

கதவு தானாகத் திறந்துகொண்டது. உள்ளே இடது பக்க வீட்டுக் கதவும் லேசாகத் திறந்திருந்தது. உள்ளேயிருந்து தலேயாவின் குரல் வந்தது. "கதவு திறந்துதான் இருக்கு! பார்சலை அப்படியே உள்ள வெச்சிடுங்க, நன்றி!"

உள்ளே போனோம். அகலமான நடை. யாரோ ஒரு பெரிய இடத்து ஆணின் காலணி இருக்கும் என்று என் கண் தேடியது. ஹில்கேயின் கண் வேறு எங்கோ போனது. சுவரில் சாவிகள் மாட்டும் கொக்கிகள் தாழ்வாக வரிசையாக இருந்தன. கை நீட்டி ஒரு கொத்தை எடுத்தாள். அதில் அவள் கழுத்தில் தொங்குவதைப் போலவே ஒரு சாவி.

"பாத்தியா?" என்றாள். அவள் முகத்தில் அந்தப் பழைய துணிக்கடைக் களை வந்துவிட்டது. "ரெண்டு வருஷம் முன்னாடி என் கார்டைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னா, ஞாபகம் இருக்கா? கச்சேரி டிக்கெட்டுல தள்ளுபடி கிடைக்கும்னு. என் கார்டை வெச்சு சாவி வாங்கியிருக்கா. அம்மா வேண்டாம், அம்மாவோட சாவி மட்டும் வேணும்."

நேராக சமையலறைக்கு உருட்டிக்கொண்டு போனாள். தலேயா சக்கரம் வைத்த ஒரு உயர ஸ்டூலில் உட்கார்ந்து உருளைக்கிழங்கு தோல் சீவிக்கொண்டிருந்தாள். எங்களைப் பார்த்ததும் கத்தி கையிலிருந்து நழுவிவிட்டது.

"அம்மா?"

"அம்மாவேதான். நாலாவது மாடி ஏறி வந்தேன், மூச்சு வாங்குது."

"அம்மா, நான் சொல்றதக் கொஞ்சம்..."

ஹில்கே சாவிக்கொத்தை உயர்த்திப் பிடித்தாள். "இது யாரோடது?"

"என்னோடது."

"உன் வீட்டுல தொங்கினா உன்னோடதா? யாரோட கார்டுல வாங்கின? அதச் சொல்லு."

"என் கார்டுலம்மா."

"எல்லாத் திருடனும்..." என்று ஆரம்பித்தாள் ஹில்கே. அந்த வாக்கியத்தை அவள் முடிக்கவில்லை. தலேயா எங்களுக்குப் பின்னால், கதவு மறைவைப் பார்த்தாள். நானும் திரும்பிப் பார்த்தேன். அங்கே ஒரு கைத்தடி சாய்ந்திருந்தது. அதன் பக்கத்தில் முழங்கால் வரை போடும் இரண்டு உறைகள், காலை நிமிர்த்திப் பிடிக்கும் பிளாஸ்டிக் உறைகள். ஹில்கேயும் ஒரு காலத்தில் போட்டிருந்தாள். அவளுக்கு அவற்றை யாரும் விளக்க வேண்டியதில்லை.

சமையலறையில் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. நான் போய் அடுப்பை அணைத்தேன். வேறு என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை.

"எப்போலேர்ந்து?" என்றாள் ஹில்கே.

"இங்க வர்றதுக்கு முன்னாடிலேர்ந்து. அதுக்காகத்தான் இந்த வீடு."

"கஃபேல..."

"நீங்க வர்றதுக்கு ரொம்ப முன்னாடியே வந்து உக்காந்துக்குவேன். நீங்க ரயில் ஏறுற வரைக்கும் எழுந்திருக்க மாட்டேன். வழியில திரும்பி ஜன்னல் வழியாப் பாத்துட்டீங்கன்னா? சில நேரம் அவசரமா பாத்ரூம் வரும், அடக்கிக்கிட்டு சிரிச்சுப் பேசிட்டிருப்பேன்."

ஊரெல்லாம் திருடர்களைப் பிடித்தவள் அத்தனை முறை எதிரில் உட்கார்ந்தும் மகளின் கையைத்தான் பார்த்திருக்கிறாள். காலை ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை. நானும்தான் பார்க்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து கேக் தின்றுகொண்டு, அவள் திமிரைப் பற்றி மனதுக்குள் திட்டிக்கொண்டிருந்தேன்.

"எங்கிட்ட ஏன்டி சொல்லல? உலகத்துல வேற யாருக்கும் தெரியாதது எனக்குத் தெரியுமேடி."

"இவளுக்கும் வந்திருந்தா உசுரோடயே இருந்திருக்க மாட்டேன்னு சொன்னியே. வருஷா வருஷம் சொன்னியேம்மா."

"அது ஒரு பேச்சுக்குச் சொல்றது."

"நீ எதையும் பேச்சுக்குச் சொல்ற ஆள் இல்லம்மா."

ஹில்கே சாவிக்கொத்தை மேசைமேல் வைத்தாள். இரண்டு கைகளாலும் முகத்தைப் பொத்திக்கொண்டாள். அழுகிறாள் என்று நினைத்துத் தோளைத் தொடப் போனேன். தட்டிவிட்டாள்.

"ஒண்ணு சொல்லணும்" என்றாள் கைகளுக்குள்ளிருந்து. "அந்தத் தடியைப் பாத்ததும் எனக்கு முதல்ல என்ன தோணுச்சு தெரியுமா? சந்தோஷம். இவ என்னை வெறுக்கல, என்னைப் பாத்து வெக்கப்படலன்னு சந்தோஷம். அப்புறம்தான் உன் காலு ஞாபகம் வந்துச்சு. எந்த அம்மாவுக்குடி இப்படித் தோணும்?"

தலேயா சிரித்தாளா அழுதாளா என்று எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. "வெக்கப்படறேன்னா நெனச்ச? மூணு வருஷமாவா?"

"மனசுக்குள்ளயே உனக்கு ஒரு பெரிய இடத்து ஆள்கூடப் பிடிச்சு வெச்சிருந்தேன். அவனுக்கு ஒரு படகு வேற இருந்துச்சு."

"படகா?"

"எனக்கென்ன தெரியும்? ஹாம்பர்க்காரன், படகு இல்லாம இருப்பானா?"

நான்தான் முதலில் சிரித்தேன். மற்ற இருவரும் சேர்ந்துகொண்டார்கள். கொஞ்ச நேரம்தான். அப்புறம் ஹில்கே கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, நாற்காலியைக் கதவு வரை பின்னுக்கு உருட்டிப் போய் நிறுத்தினாள். எட்டிக் கைத்தடியை எடுத்து என்னிடம் தந்தாள். நான் அதைத் தலேயாவிடம் கொடுத்தேன்.

"நடந்து காட்டு" என்றாள் ஹில்கே.

"வேண்டாம்மா. இன்னிக்கு வேண்டாமே."

"நான் பாக்கணும். எல்லாத்தையும் பாத்துக்கறேன். நீ இனிமே எங்கிட்ட ஒளிக்க ஒண்ணும் மிச்சம் இருக்கக் கூடாது."

தலேயா மேசையைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். ஒரு கால் முன்னே வந்தது. மற்றது தரையைத் தேய்த்துக்கொண்டு அதன் பின்னால் வந்தது. முழங்கால்கள் ஒன்றோடொன்று உரசின. உடம்பு முழுவதும் இழுத்துக்கொண்டது. இன்னொரு அடி. தடி நடுங்கியது. ஹில்கே கண் இமைக்காமல் அந்தக் கால்களையே பார்த்தாள். அவள் உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது. சின்னச் சமையலறைதான், ஆனால் தலேயா நடுவில் நின்று மூச்சு வாங்கினாள். நெற்றியெல்லாம் வேர்வை. அடுத்த அடிக்காகத் தடியைத் தூக்கினாள்.

"போதும், நில்லு" என்றாள் ஹில்கே. சக்கரங்களில் கை வைத்தாள். "மீதி தூரத்துக்கு நான் வரேன்."